நின்றுபோகாத கம்ப்யூட்டர்

என் மாமா கைர்பெக் எந்த நாற்காலியிலும் முழுதாக உட்கார்ந்து, ஒரு தடவை தவிர, நான் பார்த்ததில்லை. நுனியில் இருப்பார். தேநீரைப் பாதி குடித்ததும் எழுந்து ஜன்னலுக்குப் போய், முற்றத்தில் நிற்கும் தன் லாரியைப் பார்ப்பார். திரும்பி வந்து, ஆறிவிட்டது என்று புதிதாக ஊற்றச் சொல்வார். அதையும் பாதியில் விடுவார். கஜகஸ்தானில் இருபத்தெட்டு வருடம் கரகண்டாவிலிருந்து பல்காஷ் வழியாக அல்மாத்திக்குச் சரக்கு ஓட்டியவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வண்டி ஓடாத நாட்களில், என் அம்மா உட்பட, மூன்று அக்காக்களின் வீடுகளில் மாறி மாறித் தங்குவார். எந்த வீடும் ஒரு மாதத்தைத் தாண்டாது.

ஒரு பிப்ரவரியில் அவருடைய லாரி பட்டப்பகலில், நேரான சாலையில், விலகி இறங்கிப் பனிக்குள் புதைந்தது. அவருக்குக் கீறல்கூட இல்லை. பனி வழுக்கிவிட்டது என்றார். பின்னால் வந்த ஓட்டுநர் என் அம்மாவிடம் வேறு மாதிரிச் சொன்னார்: வண்டி வழுக்கவில்லை, யாரும் ஸ்டியரிங்கைத் தொடாதது போல அதுபாட்டுக்கு இறங்கியது. டாக்டரிடம் போகலாம் என்று அம்மா வாயெடுத்தாலே மாமா தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

கடைசியில் அம்மா என்னிடம் வந்தாள். "நீ கேளு. உனக்கு இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு."

எங்கள் வழக்கப்படி தாய்மாமனிடம் அக்காள் தங்கை பிள்ளைகள் மூன்று முறை எதை வேண்டுமானாலும் கேட்கலாம். மாமன் மறுக்கக் கூடாது. ஒன்பது வயதில் நான் அவருடைய லாரியில் கூடவே சுற்றிய நாய்க்குட்டியைக் கேட்டேன். கல்லூரிக்குக் கிளம்பும்போது அவருடைய ஃபிளாஸ்க்கைக் கேட்டேன். அதைச் சொல்லிக்காட்டியே அவர் பத்து வருடம் ஓட்டினார்.

மூன்றாவதாக லாரிச் சாவியைக் கேட்டேன்.

"கொள்ளைக்காரி," என்றார் மாமா. "அடுத்து என் பல்லைக் கேப்பே."

"பல்லு வேணாம் மாமா. அதுல பாதி தங்கம். அம்மா கண்ணு வச்சிருக்கா."

சிரித்தார். எழுந்து ஜன்னலுக்குப் போனார். "சரி, தரேன். என்னிக்குன்னு யாரும் விதி எழுதலையே. ஓட்டுநருங்க சாப்பிடற ஹோட்டல்ல ஒரு ஆட்டம் பாத்தேன். கம்ப்யூட்டர்ல லாரி ஓட்டறது. ஸ்டியரிங், கியர் எல்லாம் இருக்கு. அது மாதிரி ஒண்ணு பாத்துக் குடு. அன்னிக்கே சாவி உனக்கு. ஆனா நடுவுல நிக்கக் கூடாது. ரோட்டுல ஒரு நொடி நின்னா ஆள் செத்தான்."

தேடத் தொடங்கினோம். தனிப் பெட்டி, தனித் திரை என்றால் அவருக்கு ஆகாது. "மூணு அக்கா வீட்டுக்கும் ரயில்ல மூட்டை கட்டித் தூக்க நான் என்ன சர்க்கஸ் கம்பெனியா?" லேப்டாப்பைக் காட்டினால், "இந்த ஜன்னல் வழியா கோழிக்குஞ்சுதான் ரோட்டைப் பாக்கும்" என்றார். மிஞ்சியது மோனோபிளாக்: எல்லாம் திரைக்குப் பின்னாலேயே அடங்கியது, ஒரே ஒயர்.

முதல் கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார். "மோனோபிளாக் ஆபீசுக்கு, ஐயா. ஆட்டம் போட்டா சூடேறி மூச்சு வாங்கும்." பிறகு தனி கிராபிக்ஸ் கார்டு வைத்த ஒன்றை எடுத்து வைத்து, மேசையில் பிளாஸ்டிக் ஸ்டியரிங்கை மாட்டினார். மாமா நாற்காலி நுனியில் உட்கார்ந்து ஓட்டினார். திரையில் சாலையோரம் சிலுவைகள் நட்ட கல்லறை வந்தது. மாமா இரண்டு கைகளையும் எடுத்து முகத்தைத் தடவிக்கொண்டார். கல்லறையைக் கடக்கும்போது நாங்கள் எல்லோரும் செய்வதுதான். லாரி பள்ளத்தில் விழுந்தது.

"ஐயா, அது பொம்மைக் கல்லறை. அதுவும் கிறிஸ்தவங்களோடது."

"செத்தவங்கள்ல என்னப்பா தனித்தனியா?" என்று மறுபடி ஓட்டினார். நான் விலைச்சீட்டைப் படித்துக்கொண்டிருந்தேன். சட்டென்று எழுந்துவிட்டார். "நின்னுடுச்சு. வேணாம்."

இரண்டாவது கடையில் ராம் இரட்டிப்பு. அதுவும் நின்றது என்றார். மூன்றாவதில் இருபத்தேழு அங்குலத் திரை, இன்னும் நல்ல கார்டு. அதுவும் நின்றதாம். சாவியைத் தராமல் இருக்க வழி பார்க்கிறார் என்று நினைத்தேன். பஸ்சில் கேட்டேவிட்டேன்.

"குடுக்க மனசில்லன்னா சொல்லிடுங்க மாமா. எதுக்கு என்னை அலைக்கழிக்கறீங்க?"

"நின்னுச்சும்மா. நான் பொய் சொல்றேனா?" அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்தே வீட்டுக்குப் போனார். மறுநாள் காலை அம்மா லாரியின் முன்பக்கத்தில் கை வைத்துப் பார்த்தாள். சூடாக இருந்தது; ராத்திரி எடுத்துப் போயிருக்கிறார்.

நான்காவது கடை ஜூன் மாதத்தில். தில்னாஸ் என்ற பெண் நடத்தியது. இந்த முறை நான் விலைச்சீட்டைப் பார்க்கவில்லை, திரையை மட்டுமே பார்ப்பது என்று முடிவு செய்திருந்தேன். நின்றால் நானே பார்த்துவிடுவேன்.

ஆட்டம் தண்ணீர் போல ஓடியது. கல்லறை வந்தது. மாமாவின் கைகள் உயர்ந்தன, கன்னத்துக்கு வந்தன, அங்கேயே இருந்தன. கண் திறந்திருந்தது. லாரி தார்ச்சாலையை விட்டு இறங்கிப் புல்வெளியில் போனது. புல் அசைந்தது. பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்தது. திரையின் மேல் ஓரத்தில் கடிகாரம் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று நகர்ந்தது. பிறகு அவர் கைகள் தாடைவரை இறங்கி முடித்தன.

"பாத்தியா, நின்னுடுச்சு. ரோட்டுல இருந்தேன். பாத்தா புல்லுல இருக்கேன்."

தில்னாஸுக்கு எங்கள் கதை தெரியாது. "நிக்கலையே ஐயா. மணி ஓடிட்டேதான் இருந்துச்சு. நீங்கதான்…" என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

மாமா என் பக்கம் திரும்பினார். "நீயும் பாத்தியா?"

"பாத்தேன் மாமா."

"எவ்வளவு நேரம்?"

"நாலு நொடி."

உதடு அசையக் கணக்குப் போட்டார். "எண்பதுல போனா தொண்ணூறு மீட்டர்," என்றார் தனக்குத்தானே. "அதுக்குள்ள ஒரு பள்ளிக்கூடமே ரோட்டைக் கடந்துடும்."

பிறகு முதுகைச் சாய்த்தார். அந்த நாற்காலியில்தான் அவர் முழுதாக உட்கார்ந்து முதல்முறை பார்த்தேன். சட்டையின் உள்பையிலிருந்து சாவியை எடுத்துக் கீபோர்டின் மேல் வைத்தார். "இதையே வாங்கு. இது நிக்கலை."

டாக்டரிடம் மறுநாள் தானே போனார். நினைவு சில நொடி அறுந்துபோகும் நோய் என்று மாத்திரை கொடுத்தார்கள். நான்கு வருடம் அந்த மோனோபிளாக்கைக் கம்பளிப் போர்வையில் சுற்றி, ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு, அக்கா வீடுகளுக்கு இடையே அலைந்தார். ஒரு மாதக் கணக்கு மாறவில்லை. தேநீரையும் பாதியில்தான் விட்டார். ஒன்று மட்டும் மாறியது: திரையில் கல்லறை வந்தால் லாரியை ஓரமாக நிறுத்துவார், எஞ்சினை அணைப்பார், அதற்குப் பிறகுதான் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுப்பார்.

போன வாரம் அவர் இறந்து நாற்பதாம் நாள் முடிந்தது. அக்காக்கள் அவர் பொருள்களைப் பிரித்தார்கள். தொப்பி ஒருவருக்கு, கைக்கடிகாரம் ஒருவருக்கு. நான் எதையும் கேட்கவில்லை. மூன்று முறையும் கேட்டு முடித்தாகிவிட்டது. அம்மாதான் அந்த மோனோபிளாக்கைப் போர்வையோடு தூக்கி வந்து என் மேசையில் வைத்தாள்.