மாமி கொண்டு வந்த பால்சுறா வறை

உடல் எடையைக் குறைக்க வயிற்றைச் சிறிதாக்கும் சத்திரசிகிச்சை செய்துகொண்டு உம்மா வீட்டுக்கு வந்திருக்கிறார். இப்போதைக்குத் தண்ணீரும் வடித்த சூப்பும் மட்டும்தான். சோறு போனால் உள்ளே போட்ட தையல் விட்டுவிடலாம் என்று டொக்டர் எச்சரித்திருக்கிறார்.

ஆனால் எங்கள் ஊரில் நோய் விசாரிக்க யாரும் வெறுங்கையோடு வருவதில்லை. காலையிலிருந்து எல்லோருக்கும் இதையே சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது.

பின்னேரம் மாமி, அதாவது வாப்பாவின் அக்கா, பால்சுறா மீனை அவித்து உதிர்த்து வறுத்த வறையும் சோறும் கொண்டு வந்தார்.

"வெட்டின வயித்துக்கு இதான் புள்ள மருந்து. உன்னப் பெத்த நேரமும் நான்தான் ஆக்கிக் குடுத்த."

"டொக்டர் வேணாமெண்டு சொன்னவரு மாமி."

"டொக்டரா உங்கட உம்மாக்கு மச்சி? நானா மச்சி?"

சொல்லிக்கொண்டே ஒரு பிடியை உருட்டி உம்மாவின் வாயருகே நீட்டினார். மாமியின் மனம் நோகக் கூடாதென்று உம்மாவும் வாயைத் திறந்துவிட்டார்!

நான் குறுக்கே பாய்ந்து அந்தப் பிடியை வாயில் வாங்கிக்கொண்டேன்.

"யா அல்லாஹ்! வருத்தக்காரிட சோத்தப் பறிச்சுத் திங்கிறாளே இவள்!"

உம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் வயிறு வலிக்கும் என்பதால் தலையணையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். மாமி கோபத்தோடு போய்விட்டார்.

நாளை வரவிருப்பவர்களே, என்ன கொண்டு வருகிறீர்கள் என்று இந்தப் பதிவின் கீழேயே சொல்லிவிடுங்கள். எல்லாவற்றையும் நான்தான் தின்ன வேண்டியிருக்கிறது. எனக்குக் கத்தரிக்காய் பிடிக்காது.