நாடகப் பாட்டு ஓடும்போது அண்ணன் கடவையில் நின்றார்

1997 ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, கனடாவில் நாங்கள் இருந்த நகரத்தை ஒட்டிய மார்க்கம் போனோம். எல்லாம் பதினைந்து வயதுத் தங்கை துஷாவின் நச்சரிப்பால்தான். ஜப்பானிய இளைஞர் குழு ஒன்று பாடிய பாட்டு, அங்கே ஒரு தொலைக்காட்சி நாடகத்தின் தொடக்கப் பாட்டாக வந்ததாம். அந்தக் குறுந்தட்டு வேண்டும் என்று ஒரே பிடிவாதம். எனக்கோ ஜப்பான் என்ற பேச்சே பிடிக்காது. அங்கே தொழிற்சாலை வேலைக்குப் போன எங்கள் அண்ணனிடமிருந்து இரண்டு வருடமாகக் கடிதமில்லை. அம்மா அவரைப் பற்றிப் பேசுவதையே விட்டிருந்தார்.

கெனடி ஸ்டேஷனில் 10.20க்கு பஸ் ஏறினோம். ஆளுக்கு இரண்டு டொலர். பத்துக் கிலோமீற்றர் வடக்கே, ஸ்டீல்ஸ் சந்தியில் 11.05க்கு இறங்கினோம். (வீதியை நடந்து கடந்தால் மார்க்கம். பஸ்ஸில் இருந்தபடியே எல்லை தாண்டினால் இன்னொரு கட்டணம்!)

சீனக் கடைத்தொகுதியில் ஒரு வீடியோக் கடை. சாண் நீளத்துக்குச் சற்றுக் குறைந்த ஒடுங்கிய அட்டையில் குட்டித் தட்டு, பதினெட்டு டொலர். துஷா அதைப் பார்த்துக்கொண்டு நிற்க, கடைத் தொலைக்காட்சியில் அதே பாட்டு தொடங்கியது. கதாநாயகி ரயில் கடவையை நோக்கி ஓடுகிறாள். தடுப்புக்குப் பின்னால் சைக்கிளோடு சிலர்.

"அக்கா! அங்க பாருங்கோ, எங்கட அண்ணை!"

"விசர்க்கதை கதையாதை."

சொல்லிவிட்டுப் பார்த்தேன். கவுண்டரைச் சுற்றித் திரையருகே போனேன். அதே சரிந்த தோள். காதைச் சொறிகிற அதே பழக்கம். நான்கு விநாடிதான். கடைக்காரர் முகம் சுளிக்காமல் ஆறு தரம் திருப்பிப் போட்டார். எப்போது எடுத்தது என்று கேட்டேன். இந்த வசந்தத்தில் வந்த நாடகம் என்றார். கடவையருகே பலகையில் தெரிந்த ஸ்டேஷன் பெயரைச் சீன எழுத்தில் தாளில் எழுதியும் தந்தார்.

அங்கே வாங்கி வந்த நாடகக் கசற்றை வீட்டில் போட்டதும் அம்மா எழுந்துபோய்த் திரையைத் தொட்டார். "மெலிஞ்சு போனான்" என்றார்.

எங்கள் பங்குத் தந்தை அந்த ஸ்டேஷன் பெயரை வைத்து அந்த ஊர்க் கத்தோலிக்கத் தேவாலயத்தின் முகவரியைத் தேடித் தந்தார். அப்பா, அம்மா, துஷா, நான் என நால்வரும் பெயரெழுதி, தொலைபேசி எண்ணும் அண்ணனின் படமும் வைத்துக் கடிதம் அனுப்பினோம். ஏழு கிழமை கழித்துத் தொலைபேசி அடித்தது.

"ஆர் கதைக்கிறது?"

"நான் ராணி. அண்ணை, நீங்களோ?"

"அப்ப நீங்கள் எல்லாரும் உயிரோடதான் இருக்கிறியளோ?"

தொழிற்சாலை மூடி அவர் இடம் மாறியதால் நாங்கள் எழுதியவை அவரைச் சேரவில்லை. யாழ்ப்பாணத்துக்கு அவர் எழுதிய மூன்று கடிதமும் திரும்பி வந்துவிட்டன. நாங்கள் இடம்பெயர்ந்து கனடா வந்தது அவருக்குத் தெரியாது. அந்தத் தேவாலயத்துப் பாதிரியார் எங்கள் பெயர்களைக் கண்டதும் அதிர்ந்துபோனாராம். அதற்கு முந்தின வருடம் அங்கேதான் அண்ணன், நாங்கள் செத்துப்போனதாக நினைத்து, எங்கள் நால்வருக்கும் ஆன்ம இளைப்பாற்றிப் பூசை கொடுத்திருந்தார்!

அந்தக் கடை இப்போது இல்லை. அந்தப் பக்கம் போகிறவர்கள் பதினொரு மணிக்கு முன் போகாதீர்கள், பாதிக் கடை பூட்டியிருக்கும். யாரையாவது தேடுகிறவர்களுக்கும் ஒன்று. நாங்கள் அண்ணன் உயிரோடு இருக்கிறாரா என்று மட்டுமே யோசித்தோம். நீங்கள் உயிரோடு இருப்பதை, தேடும் ஆளுக்குத் தெரியப்படுத்த முதலில் வழி பாருங்கள்.