காட்டோரம் இறங்கிய பயணி

தெல்மா ஹோல்ராய்ட் யார்க்‌ஷயரில் பஸ் ஓட்டியவள். ஓய்வு பெற்ற மறு வாரமே நடைக் குழுவில் சேர்ந்துவிட்டாள். காலுக்கு நல்லது என்று வெளியே சொல்லிக்கொண்டாள். ஆனால் இத்தனை வருஷம் ஒரே சாலையில் போய்வந்தும், சாலையோரக் கற்சுவர்களுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியாதது அவளை அரித்துக்கொண்டே இருந்தது.

அதிலும் ஓர் ஆள். புதன்கிழமை தவறாமல், வீடு வாசல் ஏதுமில்லாத காட்டோர நிறுத்தத்தில் இறங்குவார். கையில் ஒரு குழந்தையையே படுக்கவைக்கக்கூடிய கறுப்புப் பெட்டி. நன்றி சொல்லிவிட்டு, சுவர் இடைவெளிக்குள் நுழைந்து மறைவார். "பொண்டாட்டியத் துண்டு துண்டாக் கொண்டுபோறான்" என்று டிப்போவில் சிரிப்பார்கள்.

மே மாதத்தில் ஒரு புதனன்று குழு அதே இடைவெளிக்குள் நுழைந்தது. மரங்களுக்கடியில் நீலமணிப் பூக்கள் தரை தெரியாமல் பூத்திருந்தன. காட்டுப்பூண்டு வாசனை மூக்கில் ஏறியது. தெல்மா ஒவ்வொரு பொந்தையும் குனிந்து பார்த்தாள்.

"தெல்மா, முயல் உனக்கு டீ போட்டுத் தராது. வா!" என்று முன்னாலிருந்து கத்தினான் க்ளைவ். கழுத்தில் வரைபடத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு குழுவை நடத்துகிறவன்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. அடிவயிற்றிலிருந்து எழும் முழக்கம்.

"காளை மாடு. யாரும் அந்தப் பக்கம் போகாதீங்க" என்றான் க்ளைவ்.

"காளை எங்கேயாவது ராகத்தோட கத்துமா?" என்று சொல்லிக்கொண்டே தெல்மா வேலிப் படியில் ஏறிவிட்டாள்.

அந்தப் பக்கம் மேய்ச்சல் நிலம். நடுவில் மடக்கு நாற்காலியில் அந்தக் கறுப்புப் பெட்டிக்காரர். மடியில் ட்யூபா என்கிற பெரிய பித்தளை ஊதுகருவி. சுற்றிலும் பசுக்கள் அரைவட்டமாக நின்று, காதை முன்னால் நீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தன.

அவர் வாசிப்பை நிறுத்தி அவளை உற்றுப் பார்த்தார். "அட, நம்ம பஸ் டிரைவரம்மா!"

"இங்கே என்ன பண்றீங்க?"

"வீட்ல வாசிச்சா என் மனைவிக்குத் தலைவலி. அக்கம்பக்கத்துல சுவரைத் தட்டுவாங்க. இதுங்க ஒண்ணும் சொல்றதில்ல." வில்ஃப்ரெட் சக்டன் என்று பெயர் சொன்னார். "அவ போய் ஆறு வருஷமாச்சு. இப்ப வீட்லயே வாசிக்கலாம்தான். ஆனா இதுங்க காத்துக்கிட்டிருக்குமே."

தெல்மா பக்கத்தில் நின்ற பசுவின் நெற்றியைத் தடவிக்கொடுத்தாள்.

"இத்தனை வருஷத்துல நீங்க ஒரு தடவைகூடக் கேக்கலையே?" என்றார் அவர்.

"டிரைவர்கிட்ட பேசக் கூடாதுன்னு போர்டு இருந்துச்சு. டிரைவர் பேசலாமான்னு அதுல எழுதல."

அவர் சிரித்த சிரிப்பில் ஒரு கன்று மிரண்டது. குழு மதிய உணவுக்குப் பப்பை நோக்கி நடந்தது, தெல்மா பின்தங்கினாள். தானும் ஊதிப் பார்க்கலாமா என்று கேட்டாள். கன்னம் சிவக்க மூன்று முறை ஊதினாள். முதல் இரண்டில் வெறும் காற்று. மூன்றாவதில் பசுக்கள் மொத்தமும் வாலைத் தூக்கிக்கொண்டு ஓடின.

அடுத்த வாரம் குழு வேறு பள்ளத்தாக்குக்குப் போனது. க்ளைவ் தலைகளை எண்ணினான், ஒன்று குறைந்தது. பாழடைந்த பஞ்சாலையின் ஜன்னலுக்குள் பாதி உடம்பை நுழைத்தபடி, "யாராவது டார்ச் வச்சிருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள் தெல்மா.