சோற்றுக்காகப் போட்ட ஊசி

அன்றைக்கு என் மேல் சாமி வரவில்லை. ஒரு வேளை வயிறாரச் சோறு தின்ன ஆசைப்பட்டு, யாருக்கும் தெரியாமல் ஊசி போட்டுக்கொண்டேன். அதனால்தான் நடுங்கினேன். அந்த நடுக்கத்தை எல்லோரும் சாமி என்று கும்பிட்டார்கள். நான் கும்பிட விட்டேன்.

கவிதா, தினேஷ்... உங்கள் இருவருக்கும்தான் இதை எழுதுகிறேன். நேரில் சொல்லப் பலமுறை வாயெடுத்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டேன். எட்டாவதோடு நின்றவன் நான். பட்டறையில் லாரிக்கு பாடி கட்டத் தெரியும், இப்படி உட்கார்ந்து எழுதிப் பழக்கமில்லை. எழுத்தில் பிழை இருந்தால் திருத்திப் படியுங்கள்.

எனக்குச் சர்க்கரை இருப்பதும், தினமும் ஊசி போட்டுக்கொண்டிருந்ததும் உங்களுக்குத் தெரியும். பட்டறையில் ஒருவர் சொல்லித்தான் சோற்றை விட்டேன். இட்லி, களி, ஜவ்வரிசிப் பாயசம் எல்லாவற்றையும் விட்டேன். நாமக்கல்லில் முட்டைக்கா பஞ்சம்? காலையில் முட்டை, மதியம் கோழிக்கறி, இரவில் கீரைப் பொரியல் என்று ஓடியது. சர்க்கரை இறங்கியது. டாக்டரம்மாவே ஆச்சரியப்பட்டு ஊசியை நிறுத்தினார்.

நிறுத்தும்போது ஒன்று சொன்னார். "இனிமே தப்பித் தவறியும் இதைப் போட்டுக்காதீங்க. நீங்க இப்ப சாப்பிடற சாப்பாட்டுக்கு சர்க்கரை ஒரேயடியா எறங்கிடும். ஆளே விழுந்துடுவீங்க. மிச்சம் இருக்கறதைத் தூக்கிப் போட்டுடுங்க."

நான் தூக்கிப் போடவில்லை. ஃபிரிட்ஜில் முட்டைத் தட்டுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். எதற்காக? அப்போது எனக்கே தெரியாது என்று எழுதலாம். அது பொய். எனக்குத் தெரியும்.

சோற்றின் வாசனை எனக்குள்ளேயே இருந்தது, கண்ணுகளா. உலை கொதிக்கும்போது நான் வாசலுக்குப் போய் நின்றுகொள்வேனே, காற்று வாங்க என்று நினைத்தீர்களா?

மாதத்தில் ஒரு வேளை கொஞ்சம் சோறு சாப்பிடலாம் என்று டாக்டரம்மாவே சொல்லியிருந்தார். முதலில் கறியும் காயும், கடைசியாக ஒரு கரண்டி சோறு. அதைக் கேட்டு நீங்கள் இருவரும் சிரித்தது நினைவிருக்கிறதா?

"அப்பா, இதுக்குப் பேரு சீட் மீல். ஏமாத்துச் சோறுன்னு அர்த்தம்" என்றான் தினேஷ்.

"யாரடா ஏமாத்தறது?"

"ஒடம்பைத்தான்."

"ஏமாறதுக்கு ஒடம்பு என்ன அம்மாவா?" என்றாள் கவிதா. அம்மா கரண்டியை ஓங்கினாள். நானும் சிரித்தேன். ஆனால் அந்தச் சொல் எனக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. ஏமாற்றலாம் போலிருக்கிறதே...

அந்தச் சமயத்தில்தான் எருமப்பட்டியிலிருந்து உங்கள் அத்தை போன் செய்தாள். மாமாவின் குலசாமி கோயிலில் கெடா வெட்டு, குடும்பத்தோடு வரவேண்டும் என்றாள். அத்தைக்கும் சர்க்கரை. கால் விரலில் புண். ஊசிக்கு மாறியே ஆகவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவளுக்கு ஊசி என்றாலே உயிர் போகும். போட்டுக்கொள்வதா வேண்டாமா என்று சாமி வழி காட்ட வேண்டும் என நேர்ந்துகொண்டு வளர்த்த கெடா அது. அவள் இவ்வளவையும் போனில் சொன்னாள். நான் எதைக் கேட்டேன் தெரியுமா? இலையில் விழப்போகும் சோற்றை.

அன்றிலிருந்து திட்டம்தான். வெல்டிங் வைக்கும்போதும் அதே நினைப்பு. முதலில் கறிக்குழம்புக்கு ஒரு சோறு, குடல் கறியோடு இன்னொரு சோறு, ரசத்துக்கு ஒன்று, தயிருக்கு ஒன்று. ஒரு கரண்டி யாருக்கு வேண்டும்? இலை போடுவதற்கு அரை மணி முன்னால் அந்தப் பழைய ஊசியைப் போட்டுக்கொண்டால் எவ்வளவு சோறு தின்றாலும் கணக்கு நேராகிவிடும். இப்படித்தான் நினைத்தேன். டாக்டரம்மாவைக் கேட்டிருக்கலாம். கேட்டால் வேண்டாம் என்பாரே, அதனால் கேட்கவில்லை.

கோயிலுக்குப் போன அன்று காலையில் நான் முட்டைகூடச் சாப்பிடவில்லை. வயிற்றில் இடம் வேண்டுமாம். ஊசியைத் துண்டில் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டேன்.

நீங்களும் பார்த்தீர்கள். பங்காளிகளின் கெடாவை விடியலிலேயே வெட்டி, குழம்பு கொதித்து இறக்கியாகிவிட்டது. சோறு வடித்தாகிவிட்டது. அத்தையின் கெடா மட்டும் பாக்கி. அதையும் வெட்டிப் படைத்த பிறகுதான் இலை போடுவார்கள்.

"இன்னும் செத்த நேரந்தான் தம்பி. தண்ணி தெளிச்சவொடனே துலுக்கிரும். அடுத்த பந்தி நம்முளுதுதான்" என்று மாமா சொல்லிவிட்டுப் போனார்.

நான் வேப்ப மரத்துக்குப் பின்னால் போய் ஊசியைப் போட்டுக்கொண்டேன். சோற்றின் அளவை நினைத்து, முன்பு போட்டதைவிடக் கூடவே போட்டேன்.

கெடா துலுக்கவில்லை.

மஞ்சள் தண்ணீரை ஊற்றினார்கள். துலுக்கினால், அதாவது உடம்பைச் சிலிர்த்து உதறினால்தானே சாமி உத்தரவு கொடுத்ததாக அர்த்தம்? அது கல் மாதிரி நின்றது. மறுபடி ஊற்றினார்கள். உருமியை ஓங்கி அடித்தார்கள். "என்ன கொறைன்னு தெரியலீங்களே" என்று பூசாரி சுற்றிச் சுற்றி வந்தார். அத்தை கைகூப்பி அழுதுகொண்டிருந்தாள்.

எனக்கு முதலில் விரல் நுனியில் தொடங்கியது. பிறகு நாக்கு மரத்தது. வேர்வை முதுகில் ஆறாக இறங்கியது. எனக்குப் புரிந்துவிட்டது. சர்க்கரை இறங்குகிறது, இப்போதே எதையாவது வாயில் போட வேண்டும். எதிரே தட்டில் வாழைப்பழம் இருந்தது, வெல்லம் இருந்தது. எல்லாம் படையலுக்கு வைத்தவை. எடுத்தால் ஏன் என்று கேட்பார்கள். ஊசியைச் சொல்ல வேண்டும். உங்கள் அம்மா பக்கத்திலேயே நின்றாள்.

"ஏனுங்க, மூஞ்சி ஒரு மாதிரி இருக்குதுங்களே" என்றாள்.

"வெயில்" என்றேன்.

அந்த ஒரு சொல்லுக்குப் பதிலாக உண்மையைச் சொல்லியிருந்தால் போதும். அத்தனையும் அங்கேயே முடிந்திருக்கும். செத்துப்போவேன் என்று பயந்தேன். அதைவிட அதிகமாக, சோற்றுக்கு அலைந்தவன் என்று அகப்பட்டுவிடுவேனோ என்று பயந்தேன். இப்படியும் ஒரு மனிதன் இருப்பானா...

பிறகு கால் தரையில் நிற்கவில்லை. உடம்பெல்லாம் ஆடியது. மாமாவின் பங்காளிகளுக்கு நான் மாமன் முறை. யாரோ ஒரு பங்காளி கத்தினார். "கெடா துலுக்கலீங்க, மாமனுக்குத் துலுக்குது பாருங்க."

உருமி என் காதுக்குள் வந்துவிட்டது. மஞ்சள் தண்ணீர் என் தலையில் விழுந்தது. எங்கோ தூரத்தில், கிணற்றுக்குள்ளிருந்து கேட்பதுபோல அத்தையின் குரல்.

இங்கேதான் கவனமாகப் படியுங்கள். உங்களை நான் சாமி என்றுதானே கூப்பிடுகிறேன்? "எந்திரி சாமி, பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு" என்கிறேன் அல்லவா? அத்தையும் என்னைச் சின்ன வயதிலிருந்து அப்படித்தான் கூப்பிடுவாள். அன்று அவள் கோயில் சாமியிடம் கேட்டது, "ஊசி போட்டுக்கட்டுமா சாமி?" என் மங்கிய காதில் விழுந்தது வேறு. "ஊசி போட்டுக்கிட்டயா சாமி?"

அக்கா என்னைக் கண்டுபிடித்துவிட்டாள் என்று நினைத்தேன். அந்த நிலையிலும் எனக்குப் பொய் சொல்லத் தெரிந்தது.

"இல்ல. ஊசி இல்ல. ஊசியே இல்ல."

அது மட்டும் தெளிவாக நினைவிருக்கிறது. அப்புறம் "சோறு" என்று சொன்னேனாம். கூட்டமே குலவை போட்டது. "ஊசி வேண்டாங்குது சாமி. பசிக்குதாம்" என்று பொங்கல் வெல்லத்தைக் கரைத்து என் வாயில் ஊற்றினார்கள். அந்த வெல்லம்தான் என்னைப் பிழைக்க வைத்தது. கண் தெளிந்தபோது நீங்கள் இருவரும் என் காலருகே கைகூப்பி நின்றீர்கள். என்ன பார்வை அது. பெற்ற பிள்ளைகள் அப்படிப் பார்த்தால் எந்தத் தகப்பனுக்கு வாய் திறக்கும்?

அந்த அமளியில் கெடாவும் உதறிக்கொண்டது. "பங்காளிக மேல வராத சாமி, மாமன் மேல வந்துருக்குது பாரு" என்று கிழவர்கள்கூட எனக்குத் திருநீறு நீட்டினார்கள். நான் பூசிக்கொண்டேன். பிறகு இலை போட்டார்கள். சர்க்கரை மறுபடி இறங்கிவிடுமோ என்ற பயம் ஒரு பக்கம். ஆனால் பயத்தினால்தான் தின்றேன் என்று சொல்லமாட்டேன். கறிக்குழம்புக்கு, குடல் கறிக்கு, ரசத்துக்கு, தயிருக்கு... திட்டமிட்டபடியே தின்றேன். ருசியாகவும் இருந்தது.

அத்தை ஊசி போட்டுக்கொள்ளவில்லை. மாமா கெஞ்சினார், டாக்டர் திட்டினார். "எஞ்சாமி வாயாலயே சொல்லிருச்சு" என்று சிரித்தாளாம். சோற்றையும் குறைக்கவில்லை. சாமியே சோறு கேட்டதே. மாமா அடிக்கடி போன் செய்வார். புண் கறுத்துவிட்டது என்றார். காய்ச்சல் என்றார். நான் "பார்த்துக்கங்க மாமா" என்றேன். கடைசியில் சேலத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் வைத்து ஒரு விரலை எடுத்தார்கள்.

அதன் பிறகுதான் போனேன். கட்டிலருகே மாமா இல்லாத நேரம் பார்த்துச் சொன்னேன்.

"அக்கா, அன்னிக்கு எனக்குச் சாமி வல்ல. சோறு திங்கோணும்னு திருட்டுத்தனமா ஊசி போட்டிருந்தேன். சர்க்கரை எறங்கி ஒளறுனேன்."

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "ஏஞ்சாமி, டாக்டரு இப்படிப் பேசச் சொல்லி அனுப்புனாரா?"

"இல்லக்கா, நெசமாலுமே."

"கெடா அத்தனை நேரம் நின்னுது. நீ சொன்னதுக்கப்பறந்தான துலுக்குச்சு? அதுக்கும் நீதான் ஊசி போட்டுட்டயா?"

நான் மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன்.

"சாமி சொன்னதை மனுசன் மாத்தக் கூடாது. வேணும்னா சாமியே வந்து சொல்லட்டும், போட்டுக்கறேன்" என்றாள். அடுத்த விரலிலும் கறுப்பு ஏறத் தொடங்கியிருந்தது.

அதனால்தான் போன அமாவாசைக்கு அத்தையை வரச்சொல்லிவிட்டு, உங்களையும் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். உருமி அடித்ததும் நடுங்கினேன். முதல் தடவை என்னை அறியாமல் நடந்தது. இந்தத் தடவை நானே ஆடினேன். ஆடும்போது எனக்கு இருந்த பயத்தை எழுத வராது. உள்ளே உண்மையிலேயே சாமி இருந்தால்? நான் நடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தால்? கண்ணை இறுக மூடிக்கொண்டு, "ஊசி போட்டுக்கோ, ஊசி போட்டுக்கோ" என்று கத்தினேன்.

அத்தை நம்பினாள். உண்மையைச் சொன்னபோது நம்பாதவள் பொய்யை நம்பினாள். காரியம் முடிந்தது என்று நினைத்தேன். அப்போதுதான் கட்டுப்போட்ட காலோடு மண்ணில் உட்கார்ந்து, என் பாதத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அன்னிக்கு வேண்டான்னயே. இன்னிக்கு மாத்திச் சொல்றயே சாமி... நான் என்ன தப்புப் பண்ணுனேன்?"

நீ ஒரு தப்பும் செய்யவில்லை என்று சாமியாகவே சொல்லியிருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை. அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். விரதத்தில் குறையா, தீட்டோடு வந்துவிட்டேனா, கெடாவை மனசில்லாமல் கொடுத்தேனா என்று ஒவ்வொன்றாகத் தன் மேல் போட்டுக்கொண்டாள். சாமி மலையேறிவிட்டதுபோல நான் சாய்ந்து விழுந்தேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கவிதா கேட்டாள். "அத்தை அப்படி என்ன தப்புப்பா பண்ணுச்சு?" நான் தூங்குவதுபோல இருந்துவிட்டேன் சாமி. அந்தக் கேள்விக்குத்தான் இவ்வளவும் எழுதினேன். அத்தை ஒரு தப்பும் செய்யவில்லை. இதை உங்களிடம் சொல்ல முடிகிறது. அவளிடம் சொன்னால், சாமி சொன்ன ஊசியையும் விட்டுவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது. நீங்களும் சொல்லிவிடாதீர்கள். பெற்ற பிள்ளைகளைப் பொய்க்குத் துணை நிற்கச் சொல்கிறேன். இதற்கும் நான்தான் பொறுப்பு.

நேற்று அவளைப் பார்க்கப் போயிருந்தேன். சாப்பாட்டுக்கு முன்னால் ஊசியை எடுத்தாள். கோயில் இருக்கும் திசைக்குத் திரும்பி, தப்புத் தப்பு என்று இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டாள். அப்புறம்தான் வயிற்றில் குத்திக்கொண்டாள். தினமும் இப்படித்தானாம்.

நான் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.