வேலிக்கு மேலால் வந்த ஆமைகள்

ஜேர்மனியில், கெல்சென்கிர்ச்சன் நகரில் நீங்கள் எந்தத் தெருவில் நடந்தாலும், நான் பதித்த கல் ஒன்றாவது உங்கள் காலில் படும். பெருமைக்குச் சொல்லவில்லை என்று எழுதலாம்தான். ஆனால் பெருமைக்குத்தான் சொல்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். யாழ்ப்பாணத்திலிருந்து இந்த நாட்டுக்கு வந்து, உணவகத்தில் கோப்பை கழுவி, நடைபாதைக்குக் கல் பதிக்கும் வேலையில் சேர்ந்து, பிறகு சொந்தமாக ஆட்களை வைத்து வேலை செய்வித்தவன். இப்போது ஓய்வு. ஓய்வு என்றால் சும்மா இருப்பது என்று நினைக்கிறார்கள். என்னால் அது ஏலாது.

எங்கள் வீடு முந்தி நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளருக்குக் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்று. இரண்டு பக்கமும் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். பின்னால் நீளமாக ஒரு தோட்டம். வலப்பக்கத்து வீட்டில் ஒரு ஜேர்மன் அம்மா தனியாக இருந்தார். அவருடைய தோட்டத்தில் இரண்டு ஆமைகள். தேநீர்க் கோப்பையோடு வேலியடியில் நின்று அவற்றைப் பார்ப்பதுதான் ஓய்வுக்குப் பிறகு என் காலை வேலை. ஆமை அவசரப்படாது. அதைப் பார்க்கிறவனுக்கும் அவசரம் போய்விடும்.

போன வசந்தத்தில் ஒரு காலை, அந்த அம்மா நடக்க உதவும் தள்ளுவண்டியைப் பிடித்தபடி வேலியடிக்கு வந்தார். முழங்கால் இரண்டும் சரிவரவில்லை, முதியோர் இல்லத்தில் இடம் கிடைத்துவிட்டது, போகப்போகிறேன் என்றார்.

"இவர்களை அங்கே விடமாட்டார்கள்" என்று ஆமைகளைக் காட்டினார். "என் அக்கா மகன் தெற்கே பவேரியாவில் ஒரு விலங்குக் காப்பகத்தில் விடலாம் என்கிறான். நல்ல இடமாம். ஆனால் நான் அங்கே போய்ப் பார்க்க முடியாதே."

என் மகள் பிறப்பதற்கு முன்பிருந்தே அவர் அந்த இரண்டையும் வளர்க்கிறார். என் வாய் என்னைக் கேட்காமலே சொல்லிவிட்டது: "என்னிடம் விடுங்கள். நான் இடம் கட்டுகிறேன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "கட்டுங்கள். நான் வந்து பார்ப்பேன். சரியாக இருந்தால் தருவேன். சரியில்லையென்றால் சனிக்கிழமை அக்கா மகனோடு போகட்டும்."

நான் கட்டியதைச் சரியில்லை என்று சொன்ன ஆள் இதுவரை இல்லை. அதனால் அந்தப் பக்கம் எனக்குப் பயமில்லை. பயம் வீட்டுக்குள்தான் இருந்தது.

"ஆமையோ? இந்த வீட்டுக்கோ?" என்றாள் மனைவி.

"வீட்டுக்கில்லை. தோட்டத்துக்கு."

"தோட்டத்துக்கு எதுக்காலயப்பா போறது? வாசலுக்கால வந்து, சாமித்தட்டுக்கு முன்னால போய், குசினிக்காலதானே? ஆமை வாசல் தாண்டின குடும்பம் விளங்குமோ?"

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. வரிசை வீட்டில் வாசலும் சமையலறையும் தாண்டாமல் தோட்டத்துக்கு வேறு வழி கிடையாது. நான் கோயில் ஐயருக்குத் தொலைபேசி எடுத்து, அவளுக்கும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டி வைத்தேன். ஐயர் இளம் ஆள்.

"பெருமாளே ஆமையா வந்தவர்தானே அண்ணை" என்றார். "ஒண்டும் செய்யாது. பயப்பிடாதேங்கோ."

"பெருமாள் பாற்கடலுக்கு வந்தவர், ஐயா" என்று மனைவி குறுக்கே சொன்னாள். "எங்கட குசினிக்கு வரேல்லை."

ஐயர் பூசைக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிட்டார். ஆனால் எனக்கு ஒரு யோசனை வந்தது. எனக்கு யோசனை வராத நாள் இல்லை.

"இஞ்சேரும், வாசலுக்கால வந்தாத்தானே வீட்டுக்கு வந்த கணக்கு? வேலிக்கு மேலால நேரே தோட்டத்துக்கு வந்தா?"

அவள் வெங்காயம் வெட்டுவதை நிறுத்தி யோசித்தாள். "வேலிக்கு மேலால வாறதைப் பற்றி ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை" என்றாள். அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

வேலை தொடங்கியது. என்னோடு நெடுங்காலம் கல் பதித்த மன்னார் நண்பர் உதவிக்கு வந்தார். தோட்டத்தில் மிகக் குளிர்மையான இடத்தைத் தெரிந்தெடுத்தேன், வீட்டின் வடக்குச் சுவரோரம், பெரிய செடி ஒன்றின் கீழே. அடியில் சரளை போட்டு, மேலே கொங்கிரீட் ஊற்றி, கண்ணாடி போலத் தேய்த்தேன். கழுவினால் தண்ணீர் நிற்காமல் ஓட ரசமட்டம் வைத்து வாட்டம் பிடித்தேன். சுற்றிவரக் குளியலறைக்கு வாங்கி மிஞ்சிய நீலத் தளக்கல். மேலே தகரக் கூரை. வாளியால் தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். ஒரு சொட்டு மிஞ்சவில்லை.

"அண்ணை, இது ஆமைக்கோ, வெளிநாட்டு மாப்பிளைக்கோ?" என்றார் நண்பர். "பேசாம நான் குடிவாறன்."

"வாரும். ஆனா மூண்டு நேரமும் இலைதான் சாப்பாடு."

புதன்கிழமை பின்னேரம் அந்த அம்மா பார்க்க வந்தார். மனைவி கதிரை போட்டுத் தேநீர் கொண்டுவந்தாள். அவர் தள்ளுவண்டியில் சாய்ந்து நின்று நெடுநேரம் பார்த்தார்.

"அழகாக இருக்கிறது" என்றார். "மிக அழகான குளியலறை."

நான் தலையை ஆட்டினேன்.

"இங்கே வெயில் எப்போது வரும்?"

"வரவே வராது!" என்றேன் நெஞ்சை நிமிர்த்தி. "காலையிலும் வராது, மத்தியானமும் வராது. அப்படிப் பார்த்துத்தான் கட்டினேன்."

அவர் கதிரையில் மெதுவாக அமர்ந்தார். பிறகு, ஒரு பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னார். இவர்களுக்குக் குளிர் இரத்தம். வெயில் காய்ந்தால்தான் உடம்பு அசையும், தின்றது செரிக்கும். தோண்ட மண் வேண்டும், ஏறக் கல் வேண்டும், மேயக் களை வேண்டும். "நீங்கள் நன்றாகத்தான் கட்டியிருக்கிறீர்கள். ஆனால் இதில் இவர்கள் செத்துப்போவார்கள்."

வெயில் கொளுத்தும் ஊரில் பிறந்தவன் நான். எங்களுக்கு நிழல்தான் மரியாதை. விருந்தாள் வந்தால் கதிரையை நிழலில் போடுவோம். இத்தனை காலம் இந்த நாட்டில் இருந்தும், வெயில் அடித்தால் ஜேர்மன்காரர் சட்டையைக் கழற்றிக்கொண்டு புல்லில் படுப்பார்கள், நான் தெருவின் மறுபக்கத்துக்கு மாறுவேன். ஆமைக்கும் அந்த மரியாதையைத்தான் கொடுத்திருந்தேன்.

"வெயில் எங்கே விழுகிறது?" என்று கேட்டார்.

அவரும் நானும் ஒரே பக்கம் பார்த்தோம். தோட்டத்தில் நாள் முழுக்க வெயில் விழும் இடம் ஒன்றே ஒன்று. அங்கே என் மனைவியின் மிளகாய்ப் பாத்தியும் கத்தரிப் பாத்தியும், அவற்றுக்கு நான் செய்துகொடுத்த கண்ணாடிக் கூடும் இருந்தன. கோயிலுக்கு வரும் பெண்களில் பாதிப் பேர் அவளிடம்தான் மிளகாய் வாங்கிப் போவார்கள். தேநீர்ப் பாத்திரத்தோடு நின்ற அவளுக்கு ஜேர்மன் மொழி அவ்வளவு வராது. ஆனால் அந்தப் பார்வைக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. நான் குனிந்து நீலத் தளக்கல்லைத் துடைக்கத் தொடங்கினேன்.

அந்த அம்மா எழும்ப முயன்றார், முடியவில்லை. மனைவிதான் கையைப் பிடித்துத் தூக்கி, வாசல்வரை கொண்டுபோய் விட்டாள். திரும்பி வந்து கோப்பைகளை அடுக்கினாள்.

"மிளகாயைச் சட்டியளில வைக்கலாம்" என்றாள்.

"உமக்குத்தான் ஆமை பிடிக்காதே?"

"இப்பவும் பிடிக்கேல்லை. ஆனா அந்த மனிசி அங்க போயிருந்து ஆரைப் போய்ப் பார்க்கிறது? இஞ்ச இருந்தா ஒரு நாளைக்கு வந்து பார்க்கலாமெல்லே." பிறகு விரலை நீட்டினாள். "வாசலுக்கால வரப்படாது. சொல்லிப்போட்டன்."

அடுத்த நாள் விடிந்ததும் நண்பர் பெரிய சுத்தியலோடு வந்தார். "நேற்றுக் கட்டி இண்டைக்கு உடைக்கிறியளே அண்ணை!"

"பாரும், உடையுதேயில்லை. வேற ஆர் இவ்வளவு பலமாக் கட்டியிருப்பினம்?"

உடைத்த கொங்கிரீட்டையே மிளகாய்ப் பாத்தி இருந்த வெயில் பக்கம் குவித்து, மேலே மண்ணும் மணலும் சுண்ணாம்புக்கல்லும் போட்டு ஒரு சின்ன மலை எழுப்பினோம். சுற்றிவர, ஆமை தோண்டி வெளியே போகாதபடி, நடைபாதை ஓரக்கற்களை ஆழப் புதைத்தேன். ஓரக்கல் புதைப்பதில் என்னை வெல்ல ஆள் இல்லை. கண்ணாடிக் கூட்டை ஒரு மூலையில் வைத்து, குளிர்நாளில் ஆமை படுக்க உள்ளே விளக்குப் பூட்டினேன். கணவாய் மீனின் ஓடும் தின்னப் போட வேண்டும், ஆமையின் ஓடு பலமாகும் என்று அந்த அம்மா சொல்லியிருந்தார். நண்பர் கடையிலிருந்து வாங்கி வந்து சிரித்தார்: "எங்கட கரையில இது காலில குத்துதெண்டு தூக்கி எறிவம் அண்ணை. இஞ்ச கடதாசியில சுத்தி விக்கிறாங்கள்."

களைதான் கிடைக்கவில்லை. மஞ்சள் பூப் பூக்கும் ஒரு செடி, இங்கே சிங்கப்பல் என்பார்கள், ஆமைக்கு அதுதான் விருந்து. என் தோட்டத்தில் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு வசந்தத்திலும் வேரோடு பிடுங்கி எறிவதில் நான் கெட்டிக்காரன். கடைசியில் பை நிறைய வேரும் மண்ணுமாக, தண்டவாளத்தோரத்திலிருந்து தோண்டி வந்து நட்டேன்.

வெள்ளிக்கிழமை அந்த அம்மா மறுபடி வந்தார். தள்ளுவண்டியில் கொழுவியிருந்த கைத்தடியை எடுத்து மண்ணைக் குத்திப் பார்த்தார். கல்லில் உள்ளங்கையை வைத்துச் சூடு பார்த்தார்.

"குளிர்காலத்தில்?" என்றார். "அவர்கள் தூங்க வேண்டும். நான் இலைச்சருகுப் பெட்டியில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைப்பேன்."

அந்த ஒரு ஜேர்மன் சொல் மனைவிக்கு நன்றாகத் தெரியும்.

"பிரிட்ஜுக்குள்ளயோ? என்ர பிரிட்ஜுக்குள்ளயோ?"

வேலை முடிந்தது என்று நினைத்த இடத்தில் எல்லாம் நின்றுவிட்டது. நண்பர்தான் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு முன்னுக்கு வந்தார்.

"எங்கட நிலவறையில பழைய பிரிட்ஜ் ஒண்டு சும்மா கிடக்கு, அக்கா. அதுக்குள்ள வைப்பம். நாங்கள் வேதக்காரர், யேசுவைக் கும்பிடுறவை, எங்களுக்கு இந்தத் தோஷம் ஒட்டாது."

"ஒட்டி, உங்கட குடும்பம் விளங்காமப் போனா?"

"மருமகன் ஏற்கெனவே வந்திட்டான் அக்கா. இனி ஆமை என்ன புதுசாச் செய்யப்போகுது?"

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். என்ன சிரிப்பு என்று அந்த அம்மா கேட்டார். நான் மொழிபெயர்த்ததும் அவரும் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வருமட்டும். பிறகு தள்ளுவண்டியைத் திருப்பிக்கொண்டு, "நாளைக்கு எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார்.

சனிக்கிழமை அக்கா மகன் வெறும் அட்டைப்பெட்டியோடு காரில் வந்து இறங்கினார். இராகுகாலம் முடியட்டும் என்று மனைவி சொல்லிவிட்டதால், ஏன் காத்திருக்கிறோம் என்று தெரியாமலே அவர் இரண்டு கோப்பி குடித்தார். பிறகு அவர் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம், வேலிக்கு மேலால் உடுப்புக் கூடை. அந்த அம்மா ஒவ்வொன்றையும் கூடையில் வைக்குமுன் காதோரம் ஏதோ சொன்னார். கூடையை வாங்க நான் கை நீட்டுமுன் மனைவி நீட்டிவிட்டாள். வாங்கியவள், "ஐயோ, என்ன பாரம்!" என்று குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

மண்ணில் விட்டதும் இரண்டும் கல்லாய்க் கிடந்தன. பிறகு ஒன்று தலையை நீட்டியது. சின்ன மலையில் ஏறி, வெயிலில் நான்கு காலையும் விரித்துப் படுத்தது. அந்த அம்மா வேலியைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். அக்கா மகன் வெறும் பெட்டியை மடித்துக் காருக்குள் போட்டார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வாடகைக் காரில் வருகிறார். மனைவி செவ்வரத்தம் பூக்களைத் தட்டில் வைத்துக் கொடுக்க, அவர் மடியில் வைத்து ஒவ்வொன்றாக ஊட்டுகிறார். போன முறை காரோட்டி அவரைத் தோட்டம் வரை கைபிடித்துக் கொண்டுவந்து, நின்று பார்த்து, யார் கட்டியது என்று கேட்டான்.

"இவர்தான்" என்று அந்த அம்மா என்னைக் காட்டினார். "ஒரே வாரத்தில் இரண்டு தரம் கட்டினார்."

காரோட்டி என்னை ஆச்சரியமாகப் பார்த்தான். நான் ஓம் என்று தலையாட்டினேன். எத்தனை பேரால் அது முடியும்?