பரிபூரணத்தின் கால் மணி நேரம்

ராஜபாளையத்துப் பேண்டேஜ் துணி மில்லில் பரிபூரணம் டைப்பிஸ்டாகச் சேர்ந்து, ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதோடு பதினெட்டு வருஷம். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ். கம்ப்யூட்டர் வந்தபோது மற்றவர்கள் ஒதுங்கி நிற்க, அந்தம்மா மட்டும் "இதுலயும் அதே ஏ, எஸ், டி, எஃப்தானே" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

இப்போது அந்த நாற்காலிக்கே ஆபத்து. சென்னைத் தலைமை ஆபீசோடு வி.பி.என். என்று ஒரு புது இணைப்பு. இன்டர்நெட்டுக்குள்ளேயே வெளியாள் எட்டிப்பார்க்க முடியாத தனிப்பாதை. மூன்று நாளாகக் கிடைக்கவில்லை.

"இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள கிடைக்கலைன்னா, உங்க வேலையை மதுரை ஆபீசுக்கு மாத்தச் சென்னையில சொல்லிட்டாவ" என்றார் மேனேஜர் காளிராஜ். மதுரைக்குத் தினம் போய்வருவது ஆகிற காரியமா?

சுவர்க் கடிகாரத்தில் ஐந்தாகப் பத்து நிமிஷம் இருக்கும்போது, சென்னைக் கம்ப்யூட்டர் ஆள் ஐயாதுரை போனில் சொன்னார்: "அக்கா, எங்க பயர்வால்தான் மறிக்குது."

பக்கத்தில் நின்ற காளிராஜுக்கும் கேட்டுவிட்டது. பஞ்சு குடோன் தீ ஆபீசுக்குப் பரவாமல் கட்டியிருந்த கனத்த சுவருக்கு மில்லில் பயர்வால் என்றுதான் பெயர். டெலிபோன் வயரும் அதைத் துளைத்துத்தான் வருகிறது.

"கொத்தனார் கருத்தையாவை வரச் சொல்லுங்க, கடப்பாறையோட! ஓட்டையைப் பெருசாக்கிருவோம்."

"சார், செத்த நேரம் உக்காருங்க. அது சென்னையில இருக்கிற சுவரு. செங்கலும் இல்ல, மெஷினு."

சிரித்து ஓய்ந்த ஐயாதுரை, "உங்க கம்ப்யூட்டர்ல மணி என்னக்கா?" என்றார்.

"நாலு அம்பத்தெட்டு."

"இங்க நாலு நாப்பத்திமூணு! அஞ்சு நிமிஷம் முன்னப்பின்ன இருந்தாலே எங்க பயர்வால் உள்ள விடாது. எதைப் பார்த்து மணி வச்சீங்க?"

பரிபூரணம் நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஷிப்டுக்கு ஆட்கள் பிந்தக்கூடாதென்று கால் மணி கூட்டி வைத்தவர் சாட்சாத் காளிராஜ். வருஷக்கணக்கில் அதற்குத் தக்கன ஓடி ஓடி, அது பொய் மணி என்பதே அந்தம்மாவுக்கு மறந்துபோயிருந்தது. மளமளவென்று கம்ப்யூட்டர் மணியைத் திருத்தும்போதே சுவரில் ஐந்து அடித்தது.

"அஞ்சாயிருச்சேம்மா. நான் என்ன செய்ய?"

"அது ஷிப்டு ஆளுகளுக்கு வச்ச அஞ்சு, சார். சென்னைக்கு இன்னும் கால் மணி கெடக்கு."

இன்னொரு டெலிபோன் லைனில் மோடம் கீச்சிட்டு அடங்கியது. இணைப்பு வந்துவிட்டது. "ஜெயிச்சாச்சுக்கா!" என்று போனில் ஐயாதுரை கத்தினார்.

காளிராஜ் தலையைச் சொறிந்தார். "அப்ப, சுவர்க் கடிகாரத்தையும் சரி பண்ணிருவோமா?"

"நாளைக்குப் பண்ணலாம் சார்" என்று பரிபூரணம் டிபன் பையை எடுத்தார். "இன்னைக்கு எனக்கு அதுல ஷிப்டு முடிஞ்சு பத்து நிமிஷமாச்சு. போயிட்டு வாரேன்."