பதினொரு முட்டு

மட்டக்களப்பு ஆஸ்பத்திரி வாசலிலிருந்து தேற்றாத்தீவு வீட்டுப் படலை வரைக்கும் பதினொரு முட்டு. வினாயகமூர்த்தி எண்ணி வைத்திருந்தார். கல்லடிப் பாலத்துக்கு ஏறுமுன் ஒன்று, காத்தான்குடிக்குள் சனம் குறுக்கே பாய்வதில் மூன்று, ஆரையம்பதியில் ஒன்று என்று, அவர் பிறேக் பிடிக்கிற இடமெல்லாம் பின்னால் இருக்கிற அன்னப்பூரணியின் ஹெல்மெட் வந்து அவருடைய ஹெல்மெட்டில் 'டொக்' என்று முட்டும். முட்டியதும் அவள் "ம்" என்பாள். அந்த 'ம்'மில் கோபம் இருக்காது. களைப்பு மட்டும் இருக்கும்.

மோட்டார் சைக்கிளின் லட்சணம் அப்படி. ஹொண்டா சீடி 125, நாற்பது வயது தாண்டியது. முன் பிறேக்கை இழுத்தால் முதலில் ஒன்றுமே நடக்காது. பிடிக்கவில்லையே என்று இன்னும் கொஞ்சம் இழுத்தால் ஒரேயடியாகப் பிடித்துவிடும். சில்லுகளோ அதைவிட மோசம். கம்பிகள் துருவேறி, றிம் நெளிந்து, வேகம் கொஞ்சம் கூடினால் ஹாண்டில் கையில் நடுங்கும். "இது உங்களப் போலதான், சொல்றதக் கேக்காது" என்று அன்னப்பூரணி ஒரு காலத்தில் சிரித்தாள். இப்போது சிரிக்கச் சீவன் இல்லை.

அந்தத் துரு சும்மா வந்ததல்ல. வினாயகமூர்த்தி மிருக வைத்தியத் திணைக்களத்தில் முப்பத்தைந்து வருடம் வெளிக்கள உதவியாளராக இருந்தவர். டொக்டர் இல்லை. ஆனால் டொக்டர் வராத இடங்களுக்கெல்லாம் போனவர் அவர்தான். ஊரில் 'ஊசி மூர்த்தி' என்றால்தான் தெரியும். குருமண்வெளித் துறையில் 'பாதை' என்கிற மிதவையில் மோட்டார் சைக்கிளை ஏற்றி, வாவியைக் கடந்து, மறுபக்கப் படுவான்கரையில் இறங்கி, வயல் வட்டை வரம்புகளில் உருட்டிக்கொண்டு போவார். வாவியின் உப்புத் தண்ணீர் சில்லுக் கம்பிகளை நக்கி நக்கித் தின்றது. யுத்த காலத்தில் ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் அவருடைய மருந்துப் பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னார்கள். சலிக்காமல் திறந்து காட்டிவிட்டுப் போனார். மாடுகளுக்கு அரசியல் இல்லை என்பது அவருடைய கட்சி.

ஒரு மாடு பிழைக்குமா என்று வயிற்றைத் தடவியே சொல்லிவிடுவார். பிழைக்காது என்றால் பூசி மெழுக மாட்டார். "இதுக்கு இனிக் குத்தாத. நிழல்ல கட்டு, தண்ணியக் குடு, நிம்மதியா விடு" என்று மாட்டுக்காரனின் முகத்தைப் பார்த்தே சொல்வார். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சரி என்பான். மூர்த்தி சொன்னால் சரிதான் என்று ஒரு பேர் இருந்தது. அந்தப் பேர் ஒருநாள் தன் வீட்டு விறாந்தைக்கே வந்து கேள்வி கேட்கும் என்று மனிதர் நினைத்திருக்கவில்லை.

அன்னப்பூரணிக்குச் சிறுநீரகம் இரண்டும் ஓய்ந்து இரண்டு வருடம். திங்களும் வியாழனும் ஆஸ்பத்திரி. நாலு மணித்தியாலம் மெசினில் இரத்தம் ஓடிச் சுத்தமாகி உடம்புக்குத் திரும்பும். ஊசி ஏற்றுவதற்கென்று இடது கையில் நரம்பை இணைத்துவிட்டிருந்தார்கள். அந்தக் கையால் பாரம் தூக்கக் கூடாது, எதையும் பிடித்துத் தொங்கக் கூடாது. ஆகவே மோட்டார் சைக்கிளில் ஒரு பக்கமாகச் சரிந்திருந்து, வலது கையால் அவருடைய இடுப்பைச் சுற்றிப் பிடித்து, இடது கையை மடியில் வைத்துக்கொள்வாள். இரண்டு பக்கமும் கால் போட்டு இருங்கள் என்று தாதி சொன்னாள். "அந்தக் கோலத்த ஊர் பாக்கவேணாம்" என்று அவள் மறுத்துவிட்டாள். பஸ்ஸில் நின்று வந்தால் மயங்கி விழுகிறாள். வாரத்துக்கு இரண்டு தரம் ஓட்டோ பிடிக்கப் பென்சன் இடம் கொடுக்காது. மகள் யசோதினி வாகரையில் வாழ்க்கைப்பட்டு, தினமும் போனில் மட்டும் வருகிறாள். எஞ்சியது சீடிதான்.

போன திங்கட்கிழமை திரும்பி வருகிறபோது தாழங்குடாவில் ஒரு மாடு குறுக்கே இறங்கியது. மாட்டால் பிழைத்தவரை மாடே மறித்தது. பிறேக்கை இழுத்தார். பிடிக்கவில்லை. இன்னும் இழுத்தார். பிடித்தது, முன் சில்லு உதறியது, மோட்டார் சைக்கிள் வளைந்து நின்றது. அன்னப்பூரணி வழுக்கி இறங்கி முழங்காலில் விழுந்தாள். இடது கை தார் றோட்டின் ஓரத்தில் அடிபட்டு, சற்று முன் ஊசி எடுத்த இடம் திறந்துகொண்டது. வினாயகமூர்த்தி பெருவிரலால் அந்த இடத்தை அமர்த்திக்கொண்டு றோட்டிலேயே குந்தியிருந்தார். கால் மணித்தியாலம் ஆயிற்று இரத்தம் நிற்க. எத்தனையோ மாட்டின் இரத்தத்தை நிறுத்திய விரல் அது.

வீட்டுக்கு வந்து விறாந்தைக் கதிரையில் இருந்ததும் அவள் சொன்னாள்.

"இஞ்ச பாருங்க, நான் இனி வரல்ல."

"பிறேக் பிழை புள்ள. அதச் செய்விச்சிடலாம்."

"பிறேக்குக்குச் சொல்லல்ல. எனக்கு ஏலாமக் கிடக்கு. போறதும் வாறதும் குத்துறதும். இது ஒரு சீவியமா?" கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "எத்தன மாட்டுக்காரனுக்குச் சொல்லியிருப்பீங்க, இனிக் குத்தாத, நிம்மதியா விடு எண்டு. அந்தச் சொல்ல எனக்கும் சொல்லுங்களன்."

வினாயகமூர்த்தி முற்றத்துக்கு இறங்கி மோட்டார் சைக்கிளைப் பார்த்துக்கொண்டு நின்றார். மனிசிக்குச் சொல்ல வார்த்தை இல்லாத ஆண்கள் எல்லாருக்கும் செய்ய ஒரு வேலை இருக்கும். அவருக்கும் இருந்தது. செவ்வாய் காலை சீடியை மெல்ல ஓட்டிக் காத்தான்குடிக்குப் போய்விட்டார்.

ஷாமிலின் கராஜ் பெரிய வீதியிலிருந்து உள்ளே மூன்றாவது ஒழுங்கையில். முப்பத்தைந்து வயது, கட்டார் போய் வந்தவன், கை சுத்தம், வாய் நீளம். சில்லை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு முகத்தைச் சுளித்தான்.

"ஐயா, இத ஒண்டும் செய்யாதீங்க. இப்பிடியே வெச்சிருங்க. பழைய சாமான் வாங்குற ஆக்கள் கொழும்புல இருந்து வாறாங்க. உள்ள சாமான் உள்ளபடி இருந்தா கேட்ட விலை தருவாங்க. டிஸ்க் பிறேக் பூட்டினா ஒருத்தனும் திரும்பியும் பாக்கான்."

"பாக்காம இருக்கட்டும். இத அலுமாரிக்குள்ள வெச்சுப் பாக்கவா நான் வெச்சிருக்கன்? மனிசிய வியாழக்கிழமை ஏத்திட்டுப் போகணும் தம்பி. இழுத்தா நிக்கணும், உதறக்கூடா. அவ்வளவுதான்."

"முன் ஃபோர்க்கையே, சில்லத் தாங்குற ரெண்டு காலையும் மாத்தணும். பழசுல டிஸ்க் பிடிக்க இடமில்ல."

"மாத்து."

"ரெண்டு நாள்ல ஏலா."

"ஏலும்" என்று சொல்லி வினாயகமூர்த்தி அங்கே கிடந்த பழைய டயர் ஒன்றில் உட்கார்ந்துவிட்டார். மாட்டுத் தொழுவத்தில் கன்று விழும் வரைக்கும் குந்தியிருந்து பழகிய உடம்பு. ஷாமிலுக்கு வேறு வழி இருக்கவில்லை.

உடைத்து விற்கிற இடத்திலிருந்து இந்திய மோட்டார் சைக்கிள் ஒன்றின் முன் ஃபோர்க், டிஸ்க், சில்லின் நடுக்குடம் எல்லாம் வந்தன. அச்சு பொருந்தவில்லை. லேத் பட்டறைக்குக் கொண்டுபோய் இரண்டு வளையம் கடைந்து வந்தான். புது றிம், புதுக் கம்பி. ஒவ்வொரு கம்பியாகக் கோத்து, சில்லைச் சுற்றவிட்டு, றிம்மின் ஓரத்தில் சுண்ணக்கட்டியைப் பிடித்து, அது தீண்டுகிற இடத்தில் கம்பியை இறுக்கி, மற்றப் பக்கத்தைத் தளர்த்தினான். புதன் பகல்வரை அந்த வேலைதான். பின்சில்லுக்கும் புது றிம், பிறேக்குக்குப் புதுக் கட்டை. பழைய முன் சில்லை மூலையில் சாத்தி வைத்தார்கள். வினாயகமூர்த்தி அதன் பக்கம் பார்க்கவில்லை. பார்க்க நேரமும் இல்லை.

கடைசியில் பிறேக் எண்ணெய்க் குழாயிலிருந்து காற்றை எடுக்க வேண்டியிருந்தது. ஒருவர் கைப்பிடியை அமுக்கிப் பிடிக்க, மற்றவர் கீழே ஆணியைத் திறந்து காற்றுக் குமிழை விடவேண்டும். "மெல்ல ஐயா, விட்டிடாதீங்க" என்றான் ஷாமில்.

"எனக்கா சொல்லுற?" முப்பத்தைந்து வருடம் ஊசியை நிமிர்த்திப் பிடித்துக் காற்றை வெளியேற்றியவருக்கு அந்த வேலையில் ஆரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. கடைசிக் குமிழ் வரும்வரை அமுக்கினார். பிறகு ஒழுங்கையில் ஓட்டிப் பார்த்தார். இரண்டு விரலால் தொட்டதும் மோட்டார் சைக்கிள் நேராக, சத்தமில்லாமல் நின்றது. வேகம் காட்டும் முள் மட்டும் செத்துப் போயிற்று. பழைய வயர் புதுச் சில்லில் பூட்டுப்படாது. "வேகம் தெரிஞ்சு நான் என்னத்தச் செய்ய?" என்றார்.

வியாழன் விடிய வினாயகமூர்த்தி ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு ஹெல்மெட்டையும் கையில் வைத்துக்கொண்டு, எஞ்சினை ஓடவிட்டு, முற்றத்தில் நின்றார். அன்னப்பூரணி விறாந்தையிலிருந்து அவரைப் பார்த்தாள், சில்லைப் பார்த்தாள், மறுபடி அவரைப் பார்த்தாள்.

"இண்டைக்கு மட்டும்" என்றாள். "மறுகா கேக்கக்கூடா."

மெசினில் இருக்கும்போது குளிரும் என்று போர்த்திக்கொள்கிற பழைய நூல் சேலையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஏறினாள்.

பின்னேரம் திரும்புகையில் கல்லடிப் பாலத்தடியில் வினாயகமூர்த்தி இரண்டு விரலால் பிறேக்கைத் தொட்டார். முட்டு இல்லை. காத்தான்குடிக்குள் மூன்று தரம் தொட்டார். முட்டு இல்லை. ஆரையம்பதியிலும் இல்லை. அவருக்குப் பெருமை தாங்கவில்லை. இத்தனை நாளும் இந்த மனிசியை இடித்து இடித்துக் கொண்டுவந்தேனே, இதை முந்தியே செய்திருந்தால் அவள் அப்படிச் சொல்லியிருப்பாளா என்று மனம் அடித்துக்கொண்டது. இனி வருவாள், கட்டாயம் வருவாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

"எப்பிடிப் புள்ள, உதறுதா?"

பதில் இல்லை. கிரான்குளம் தாண்டும்போது இடுப்பைச் சுற்றியிருந்த கை தளர்ந்தது. மோட்டார் சைக்கிள் இடது பக்கம் சரிய இழுத்தது. அவர் பிறேக்கைத் தொட்டுக்கொண்டே இடது கையைப் பின்னால் வீசி, கைக்கு அகப்பட்ட அவளுடைய நீளச் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். மோட்டார் சைக்கிள் நேராக நின்றது. அவள் பாதி இருக்கையிலும் பாதி காற்றிலுமாக இருந்தாள்.

"வந்திட்டமா?" என்று கண்ணைத் திறந்தாள்.

அவளை இறக்கி, ஒரு மதிலோரம் இருத்தித் தண்ணீர் கொடுத்தபோதுதான் அவருக்கு விளங்கியது. மெசினிலிருந்து எழுந்து வருகிற உடம்பு ஒவ்வொரு முறையும் தூங்கத்தான் பார்த்திருக்கிறது. தூங்கத் தூங்க அந்த முட்டுத்தான் எழுப்பியிருக்கிறது. இரண்டு வருடமாக அவளை விழாமல் வீட்டில் சேர்த்தது அவர் திட்டித் தீர்த்த அந்தக் கெட்ட பிறேக்தான். இரண்டு நாள் டயரில் குந்தியிருந்து அதைக் கழற்றி எறிந்துவிட்டு வந்திருக்கிறார்.

"நல்ல நித்திரை" என்றாள் அன்னப்பூரணி. "வீட்டுலயும் இப்பிடி வரல்ல."

வினாயகமூர்த்தி அவளுக்குப் பக்கத்தில் மண்ணில் இருந்தார். அழுகை வந்தது. அடக்கவில்லை.

"அந்தச் சொல்லு எனக்கு வராது புள்ள" என்றார். "மாட்டுக்குச் சொன்னன். அது அவன்ட மாடு, சொல்லிட்டு நான் வந்திட்டன். உனக்குச் சொல்லிட்டு நான் எங்க போக? நீ களைச்சிட்டாய், எனக்குத் தெரியும். நானும் களைச்சிட்டன். ஆனா சொல்லமாட்டன். நீ சொல்லச் சொல்லிக் கேக்கக்கூடா."

றோட்டால் பஸ் ஒன்று போயிற்று. அவள் மிச்சத் தண்ணீரை அவரிடம் நீட்டினாள். பிறகு மதிலைப் பிடித்து எழும்பி மோட்டார் சைக்கிளடிக்குப் போனாள்.

"ஏறுங்க."

அவர் ஏறினார். அவள் நீளச் சட்டையை முழங்காலுக்கு மேலே ஒதுக்கிக்கொண்டு, அவருடைய தோளைப் பிடித்து, இரண்டு பக்கமும் கால் போட்டு ஏறி இருந்தாள். கலியாணம் முடித்து முப்பத்தாறு வருடத்தில் முதல் தரம். பைக்குள்ளிருந்து அந்த நூல் சேலையை எடுத்துத் தன் முதுகைச் சுற்றி, இரண்டு தலைப்பையும் முன்னால் அவரிடம் நீட்டினாள்.

"கட்டுங்க. இடது கையில படாம."

வயிற்றுக்கு முன்னால் முடிச்சுப் போட்டார். "இறுக்கமா?"

"இன்னும் கொஞ்சம் இறுக்குங்க."

செட்டிபாளையத்தில் தேத்தண்ணிக் கடை வாசலில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவன் சிரித்தான். பார்க்கட்டும் என்று வினாயகமூர்த்தி மெல்ல ஓட்டினார். அவளுடைய ஹெல்மெட் அவருடைய முதுகில் சாய்ந்து கிடந்தது, கனமாக, அசையாமல். மூச்சு மட்டும் ஒரே சீராக ஏறி இறங்கியது. வீடு வரைக்கும் ஒரு முட்டும் இல்லை.

படலையடியில் முடிச்சை அவிழ்த்தபோது விழித்துக்கொண்டாள். கால் ஊன்றி இறங்கி, எஞ்சினில் உரசிய சேலைத் தலைப்பைத் தூக்கிப் பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

"கிறீஸ் பிரண்டிட்டு" என்றாள். "தோய்க்கப் போடுங்க. திங்கக்கிழமைக்குள்ள காயணும்."